துண்டு போட்ட நாற்காலி

அது உங்க கர்ச்சீப்பா தம்பி? ஜன்னல் வழியா இடம் போட்டீங்களா? நான் பாத்தேன், பாக்கலைன்னு சொல்லல. நீலக் கட்டம் போட்டது. பாத்துட்டுத்தான் உக்காந்தேன். எனக்கு முட்டி வலி, தோள்பட்டை வலி, இன்னைக்குச் சாயங்காலம் நாகர்கோவில்ல ஒரு மேடையில வேற உக்காரணும். கர்ச்சீப் பத்திரமா இருக்கு. எனக்கு அடியிலதான் இருக்கு. நாகர்கோவில் வந்ததும் எடுத்துக்கிடலாம். நீங்க இளவயசு, நிக்கலாம்.

அப்புறம் இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. தெரியும், தெரியும், நிக்கிறவங்கதான் உக்காந்திருக்கவங்ககிட்ட பையைக் குடுக்கணும், பஸ்ல அதுதான் வழக்கம். ஆனா மடியில வச்சா என் முட்டி தாங்காது. மேல கம்பியில வச்சா உருண்டு விழும். கீழ மட்டும் வச்சிராதீங்க, உள்ள துண்டு இருக்கு. சும்மா துண்டு இல்ல, அதைப் பத்தித்தான் சொல்லப் போறேன். நெஞ்சோட சேத்துப் பிடிங்க, கனம் தெரியாது.

நான் அனவரதநாதன். டாக்டர் அனவரதநாதன். திருநெல்வேலியில ஒரு கல்லூரியில இங்கிலீஷ் துறைத்தலைவர். எந்தக் கல்லூரின்னு வேண்டாம், இப்பல்லாம் பேரைச் சொன்னாலே ஆளுக சிரிக்காங்க. சிரிக்காங்களா, சந்தோஷப்படுதாங்களான்னு எனக்குப் பிடிபடல. அதுதான் விஷயம். உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். ஒரு பிள்ளை எனக்கு ஒண்ணு செஞ்சா. அது மரியாதையா, கிண்டலா? அவ்வளவுதான் கேள்வி. தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா முகத்துக்கு நேரா ஒண்ணு சொல்லிட்டு முதுகுக்குப் பின்னால ஒண்ணு சொல்லுவாங்க. நீங்க யாரோ எவரோ, உண்மையச் சொல்லுவீங்க. ஆனா முழுசாக் கேட்டுட்டுத்தான் சொல்லணும்.

சரிங்க சாரா? நல்லது. நல்ல பிள்ளை.

எங்கிட்ட ஒரு ஸ்காலர் வந்து சேந்தா, முனைவர் பட்டத்துக்கு. பேரு முப்பிடாதி. நான் தீபான்னு கூப்பிடுவேன். டிபார்ட்மெண்டுக்கு நாலு பேர் வருவாங்க போவாங்க, முப்பிடாதின்னு கூப்பிட்டா நல்லாவா இருக்கும்? அவளும் சரிங்க சார்னுட்டா. அவளுக்கு எல்லாத்துக்குமே சரிங்க சார்தான். ஊரு சங்கரன்கோவில் பக்கம். எந்தத் தெருன்னு நான் கேக்கல. கேக்கக் கூடாது, நான் அதெல்லாம் பாக்கிறவன் இல்ல. முதல் நாளே தெரிஞ்சு போச்சு, அது வேற.

எனக்கும் அவ தேவைப்பட்டா, மறைக்கல. சீனியர் பதவி வேணும்னா ஒரு ஆளையாவது முனைவர் ஆக்கி அனுப்பியிருக்கணும். அதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்தவங்கள்ல ஒருத்தன் பேங்க் வேலைக்குப் போயிட்டான். ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிட்டுது. இன்னொருத்தன் கைடையே மாத்திக்கிட்டான், ஏம்டேன்னு கேட்டா கழுத்து வலிங்கான். ஆக முப்பிடாதி முடிக்கணும். முடிச்சா நான் துறைத்தலைவர். முடிக்கலைன்னா எபநேசர் துறைத்தலைவர். எபநேசர் எனக்கு ஜூனியர் தம்பி. அவரு உள்ள வந்தா நான் எந்திரிச்சு நிக்கணும். அதை நினைச்சே எனக்குத் தூக்கம் கெட்டுப் போயிருந்துது.

தலைப்பு நானே குடுத்தேன். ஏதாவது நாலு நாவல்ல தாய்மைன்னு எடும்மா, நம்ம லைப்ரரியிலயே முன்னாடி செஞ்சது பத்துப் பதினஞ்சு இருக்கு, பாத்து எழுதிரலாம்னேன். சரிங்க சார்னா. சொல்லிட்டுப் போயி வேற தலைப்போட வந்தா. அமெரிக்காவுல கறுப்பினக் கவிஞர்கள் பண்ணுத சோதனைக் கவிதை. கவிதைன்னா நீங்க நினைக்கிற கவிதை இல்ல. ஒரு அம்மா மேடையில ஏறி மூச்சு மட்டும் விடுதாங்க, இழுத்து இழுத்து விடுதாங்க, அது கவிதை. இன்னொருத்தர் எழுதின பக்கத்து மேலயே திருப்பித் திருப்பி எழுதி, கடைசியில பக்கம் பூராம் கறுத்துப் போகுது. ஒரு எழுத்து வாசிக்க முடியாது. இதை எப்படிம்மா மேற்கோள் காட்டுவன்னு கேட்டேன்.

அவ நீளமாப் பேசுத ஆளே இல்ல. அன்னைக்குப் பேசினா.

"அவங்க பாட்டன் பூட்டன் காலத்துல, எழுதப் படிக்கவே கூடாதுன்னு பல எடத்துல சட்டம் இருந்துது சார். அதனால புஸ்தகத்துல தேடுனா அவங்க கிடைக்க மாட்டாங்க. எப்படிக் குனிஞ்சாங்க, எங்க நின்னாங்க, யாரைப் பாத்தா மூச்சை அடக்குனாங்க, அதெல்லாம் உடம்புலதான் இருக்கு. அதை எடுத்து மேடையில வைக்காங்க. அதுவும் ஆராய்ச்சிதான் சார். நானும் அப்படி, என் உடம்பை வச்சே செய்யலாம்னு இருக்கேன்."

என் ரூம் வாசல்ல நின்னுதான் சொன்னா. ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. அது அவ பழக்கம். நான் அவளை உள்ள வராதன்னு ஒருநாளும் சொன்னதில்ல. வான்னும் சொல்லல, அது எனக்குத் தோணல.

எனக்கு அதுல ஆட்சேபணை இல்ல பாத்துக்கிடுங்க. அமெரிக்காவுல நடந்த கொடுமைய நினைச்சா எனக்கே கண்ணு கலங்கிரும். மனுஷனை மனுஷன் எப்படி அப்படி நடத்த முடியும்? குற்றாலத்துல ஒரு கருத்தரங்குல அதைப் பத்திக் கட்டுரையே வாசிச்சிருக்கேன். நல்ல சீசன் நேரம், அருவியில தண்ணி கொட்டுது. நான் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் முப்பிடாதி ஓரமா நின்னு பையை வச்சிருந்தா. இதே பைதான். கீழ வைக்காம வச்சிருந்தா. நீங்களும் நல்லாத்தான் பிடிக்கீங்க, கொஞ்சம் உயத்திப் பிடிங்க.

நான் அவளை வச்சிருந்த மாதிரி ஒரு கைடு வச்சிருக்க மாட்டான். வீட்டுக்கே வருவா. தாள் திருத்துவா, மார்க் ஏத்துவா, வீட்டம்மாவுக்குச் சந்தையில காய் வாங்கித் தருவா. மக மாதிரித்தான். சாப்பாடும் போடுவோம். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லு கிடக்கு, வேப்பமரக் காத்து அப்படி வரும், எங்களுக்கே அங்கன உக்காரக் குடுத்து வைக்கல. அவதான் உக்காருவா. காப்பிக்கு அவளுக்குன்னே பேப்பர் கப் பாக்கெட் பாக்கெட்டா வாங்கி வச்சிருந்தோம். வேற யாருக்கும் அதை எடுக்க மாட்டோம். குடிச்சிட்டு அந்தக் கப்பை மடிச்சு அவளே அவ பைக்குள்ள வச்சுக்கிடுவா. வெளியில போயி குப்பைத்தொட்டியில போடுவாளாம். நாங்க சொல்லிக்குடுக்கக்கூட இல்ல.

நாங்குநேரி தாண்டியாச்சா? சரி.

தீசிஸ் முடிஞ்சுது. பாதி எழுத்து, பாதி மேடையில செய்யணும், அதுதான் அவ முறை. அங்கதான் ஆபீஸ்ல சிக்கல். எந்த ஆராய்ச்சியா இருந்தாலும் திருட்டு இருக்கான்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கணும். பாத்துட்டு இத்தனை சதவீதம் மத்தவங்களோட ஒத்துப்போகுதுன்னு லைப்ரரியன் எழுதிக் குடுப்பார். சிமிலாரிட்டின்னு பேரு. எங்க லைப்ரரியன் தங்கையா ரொம்பக் கறாரான மனுஷன். எழுத்துக்குப் போட்டாச்சு சார், உடம்புக்கு எப்படிப் போடன்னாரு. உடம்புன்னா எத்தனை பக்கம்னு ஆபீஸ்ல கேக்காங்க. அஞ்சு பிரதி பைண்டிங் பண்ணிக் குடுக்கணுமாம். முப்பிடாதி ஒரு பிரதிதான் சார் இருக்கேன்னு நிக்கா. கடைசியில தங்கையாவே, இப்படி உலகத்துல யாரும் செஞ்சதில்ல, அதனால உடம்புக்குச் சிமிலாரிட்டி பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. எனக்கும் நிம்மதி.

அப்புறம் பொது வைவா. அதாவது எல்லாருக்கும் முன்னால அவ பதில் சொல்லணும். நாலு பேர் கேள்வி கேக்கலாம்னு சட்டம், ஆனா எதையாவது கேட்டு வச்சிட்டா என்ன செய்ய? அதனால எல்லா எடத்துலயும் நடக்கிற மாதிரி, நானே கேள்வியத் துண்டுச் சீட்டுல எழுதி முந்தின நாளே ஆளுகளுக்குக் குடுத்துட்டேன். அவளுக்கும் பதிலை எழுதிக் குடுத்தேன். எக்ஸ்டெர்னல், அதாவது வெளியில இருந்து வார தேர்வாளர், ஹைதராபாத்ல இருந்து வசுந்தரான்னு ஒரு அம்மா. வெள்ளை முடிய ஒட்ட வெட்டியிருந்தாங்க. அவங்களுக்கு ரூம், காரு, அல்வா, சால்வை. ஹாலுக்குப் பின்னால பிரியாணிக்கு அண்டா ஏத்தியாச்சு. எல்லாம் அவ செலவு, வழக்கம் அதுதான்.

முந்தின நாள் வந்து எங்கிட்ட ரெண்டு சாமான் கேட்டா. என் ரூம்ல இருக்கிற என் நாற்காலி, துண்டோட வேணும். முதுகு சாயுத எடத்துல வெள்ளைத் துண்டு போட்டிருப்போம்லா, பெரிய அதிகாரிங்க ரூம்ல நீங்க பாத்திருப்பீங்க. அப்புறம் என் பையும் வேணும். எனக்கு மனசு நெகிழ்ந்து போச்சு தம்பி. மேடையில கைடோட நாற்காலிய வச்சு அதுக்குப் பக்கத்துல நின்னு பேசப் போறா, இந்தக் காலத்துல யாரு அப்படி நினைப்பான்னு வீட்டம்மாகிட்டச் சொன்னேன். துண்டை நீலம் போட்டுத் துவைக்கச் சொன்னேன். அவளையே துவைக்கச் சொன்னேன், அவதான் வீட்டுக்கு வந்திருந்தாளே.

எந்திரிக்காங்க பாருங்க, வள்ளியூர் எறங்குத ஆளு. அந்தச் சீட்டு காலியாகும். நீங்க போகணும்னா போகலாம், ஆனா பை உங்ககிட்ட இருக்கு, கதையும் நல்ல எடத்துல நிக்கி. ஒரு அம்மா உக்காந்துட்டாங்க. விடுங்க, அது வெயில் பக்கம்.

ஹால் நிறைஞ்சு கிடக்கு. மத்த துறை ஸ்காலர்களும் வந்திருக்காங்க, பிரியாணிக்குத்தான். முன்வரிசையில வசுந்தரா அம்மா, நான், எபநேசர், தங்கையா. மேடை நடுவுல என் நாற்காலி, துண்டு பளிச்சுன்னு இருக்கு. முப்பிடாதி வந்தா. நாற்காலிக்குப் பக்கத்துல நின்னா. என் பையை நெஞ்சோட பிடிச்சா. தலைய லேசா வலப்பக்கம் சாய்ச்சா, முதுகை ஒரு பிடி வளைச்சா. அப்படியே நின்னா. நின்னுக்கிட்டே இருந்தா.

ஃபேன் ஓடுத சத்தம் கேக்கு. வெளிய அண்டா இறக்குத சத்தம் கேக்கு. பிள்ளை பயத்துல மறந்துட்டா போலுக்கு, முதல் வரிய எடுத்துக் குடுப்போம்னா, முதல் வரி என்னன்னு எனக்குத் தெரியாது. தீசிஸ நான் வாசிக்கல. வாசிச்சேன், என் கையெழுத்து வார பக்கம் வரைக்கும் வாசிச்சேன்.

அப்புறம் மேடையோரம் கதவுக்குப் போனா. ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. அங்கன கொஞ்ச நேரம். அப்புறம் மைக்குக்குப் பக்கத்துல தரையில உக்காந்து ஒரு பேப்பர் கப்பை எடுத்தா. ஒண்ணும் இல்லாத கப்பை மெதுவாக் குடிச்சா. குடிச்சிட்டு மடிச்சா. மைக்ல அந்தக் கசங்குத சத்தம் ஹால் பூராம் கேட்டுது. மடிச்சதை எங்க வைக்கன்னு சுத்திப் பாத்துட்டு, அவ தோள்ல கிடந்த அவ பைக்குள்ளயே வச்சுக்கிட்டா. வசுந்தரா அம்மா கண்ணாடியக் கழட்டித் துடைக்காங்க. எனக்கு எங்கயோ பாத்த மாதிரி இருக்கு, ஆனா எங்கன்னு பிடிபடல.

அதுக்கப்புறம்தான் கவிதை. கவிதைன்னா ரெண்டே வார்த்தை. சரிங்க சார். அதையே சொல்லுதா. கேள்வி கேக்கிற மாதிரி ஒண்ணு. ஓடி வந்து இரைக்க இரைக்க ஒண்ணு. பசியில ஒண்ணு. பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒண்ணு. சிரிச்சுக்கிட்டே ஒண்ணு, அதைக் கேக்கத்தான் பயமா இருந்துது. ஒண்ணுல சத்தமே வரல, மூச்சு மட்டும் வந்துது. அந்த மூச்சு எனக்கு ஞாபகம் இருக்கு தம்பி. அவங்க அப்பா தவறிட்டாருன்னு போன் வந்த அன்னைக்கு, தாளைத் திருத்தி முடிச்சிட்டுக் கிளம்பும்மான்னு சொன்னேன். பாதிக்கட்டுதான் மிச்சம் இருந்துது. பிள்ளைங்களுக்கு ரிசல்ட் வரணும்லா. அன்னைக்கு அப்படித்தான் சொன்னா. சத்தம் வரல.

நான் எபநேசரைப் பாக்கேன். அவரு மேடையப் பாக்கல. பின்னால திரும்பிப் பாக்காரு. நானும் திரும்புனேன். அவரோட ஸ்காலர் பையன் ஒருத்தன் எந்திரிச்சு நிக்கான். பையை நெஞ்சோட பிடிச்சு, தலையச் சாய்ச்சு, முதுகை வளைச்சு, அப்படியே அவளை மாதிரி. பக்கத்துல ஒரு பிள்ளை எந்திரிச்சா. அதுக்குப் பின்னால ரெண்டு பேர். ஹிஸ்டரிக்காரங்க ஒரு வரிசையா எந்திரிக்காங்க. யாரும் யாரையும் பாக்கல. யாருக்கும் ஒத்திகை குடுக்கல, நான் விசாரிச்சிட்டேன். கெமிஸ்ட்ரி ஸ்காலர்களுக்கு மட்டும் தலை இடப்பக்கம் சாயுது. அவங்க கைடுக்கு ஒரு காது கேக்காது, அந்தப் பக்கமா நின்னுதான் பேசணும். ஹால் பூராம் பையும் நெஞ்சுமா நிக்கி. தங்கையா என் காதுக்கிட்ட குனிஞ்சு, "சிமிலாரிட்டி நூறு சதவீதம் சார், நான் தப்பா எழுதிக் குடுத்துட்டேன்"ங்காரு.

அப்புறம் எபநேசர் எந்திரிச்சாரு. அவருக்கும் ஒரு கைடு இருந்திருப்பாருல்லா. கையில பை இல்ல, பை இருக்கிற மாதிரி பிடிச்சிக்கிட்டாரு.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னைக்கும் விளங்கல. என் உடம்பு எந்திரிச்சுது. நான் எந்திரிக்கணும்னு நினைக்கல. முட்டி வலியோட அதுபாட்டுக்கு எந்திரிச்சுது. எங்க கைடு செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அவரு குடைய நான் பிடிச்சிருக்கேன், அவரு செருப்பை எடுத்து வச்சிருக்கேன். என் கழுத்து தானா வலப்பக்கம் சாயுது. ஆனா ஒண்ணு சொல்லிருதேன், நான் அவரு வீட்டுல உள்ள உக்காந்து இலை போட்டுச் சாப்பிட்டவன். எவர்சில்வர் டம்ளர்ல காப்பி குடிச்சவன். அது வேற, இது வேற. கலக்கக் கூடாது.

அந்த நேரத்துல ஒரு கௌரவ விரிவுரையாளர், பாவம், நான் குடுத்த சீட்டைக் கையில வச்சிக்கிட்டு என்ன செய்யன்னு தெரியாம, இந்த ஆய்வின் எதிர்கால வாய்ப்புகள் யாவைன்னு சத்தமா வாசிச்சிட்டாரு. ஹால்ல அத்தனை பேரும் கூனி நிக்காங்க, இவரு கேள்வி கேக்காரு. முப்பிடாதி பையை இறக்கல. நான் எழுதிக் குடுத்த பதிலையும் சொல்லல.

"மத்த துறைகள்லயும் பாக்கணும் சார்" அப்படின்னா.

வசுந்தரா அம்மா மட்டும்தான் உக்காந்திருந்தாங்க. அவங்க மெதுவா எந்திரிச்சாங்க, நேரா எந்திரிச்சாங்க, முதுகு வளையல. இந்த அசைவெல்லாம் எங்க சேகரிச்சதுன்னு அவகிட்டக் கேட்டாங்க. எல்லாம் எங்க கைடுகிட்டதான் மேடம், அவரே சான்று குடுத்திருக்காருன்னா. உடனே அந்த அம்மா எம்பக்கம் திரும்பி, தீசிஸ் முதல் பக்கத்தைப் பிரிச்சு, நான் கையெழுத்துப் போட்டதை வாசிச்சாங்க. இந்த ஆய்வு என் நேரடி மேற்பார்வையில் செய்யப்பட்ட அசலான ஆய்வுன்னு எல்லாக் கைடும் போடுவோம், அச்சடிச்ச வாசகம். வாசிச்சிட்டு, இது உண்மையான்னு கேட்டாங்க. சபையில, எல்லாருக்கும் முன்னால.

என் நிலைமைய யோசிச்சுப் பாருங்க தம்பி. இல்ல, அது நான் இல்ல, அப்படியெல்லாம் நடக்கலைன்னு சொன்னா, ஆய்வு பொய். அவ பட்டம் போச்சு, என் பதவி போச்சு, எபநேசருக்கு முன்னால எந்திரிச்சு நிக்கணும். ஆமான்னு சொன்னா, அந்தப் பேப்பர் கப்பு என் வீட்டுக் கப்பு. அந்தக் கதவு என் ரூம் கதவு. ரெண்டுல ஒண்ணு சொல்லணும். அவ என்னையப் பாக்கா. அன்னைக்குத்தான் அவ கண்ணை நேராப் பாத்தேன். கெஞ்சல, கோவப்படல. காத்துக்கிட்டு நின்னா, அவ்வளவுதான். வாசல்ல எத்தனையோ நாள் நின்னாளே, அப்படி.

"ஆமா மேடம். எல்லாம் என் மேற்பார்வையிலதான் நடந்துது" அப்படின்னேன்.

கை தட்டுனாங்க பாருங்க. கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு. வசுந்தரா அம்மா, அவங்களுக்குன்னு வாங்கி வச்சிருந்த சால்வைய எடுத்து எனக்கே போத்திட்டாங்க. இவ்வளவு நேர்மையா ஒரு கைடை நான் பாத்ததே இல்லைன்னாங்க. போட்டோ எடுத்தாங்க. பிரியாணி சாப்பிடும்போது பாக்கேன், ஹால்ல பாதிப்பேர் அழுதுக்கிட்டே சாப்பிடுதாங்க. நானும் சாப்பிட்டேன். உப்புதான் கொஞ்சம் கூட.

அவளுக்குப் பட்டம் வந்துட்டுது. எனக்குப் பதவி வந்துட்டுது. எபநேசர்தான் இப்ப நான் வந்தா எந்திரிக்காரு. ஸ்காலர்களும் எந்திரிக்காங்க, பையை நெஞ்சோட பிடிச்சு, தலையச் சாய்ச்சு. முன்னாடியும் அப்படித்தான் நின்னாங்க, இப்பவும் அப்படித்தான் நிக்காங்க. ஆனா வித்தியாசம் இருக்கு தம்பி. அது என்ன வித்தியாசம்னு கேட்டாச் சொல்லத் தெரியல. முன்னாடி நான் அவங்களைப் பாக்க மாட்டேன். இப்பப் பாக்காம இருக்க முடியல.

காத்தாடியெல்லாம் வந்துட்டுது, ஆரல்வாய்மொழி. நேரம் இல்ல, சுருக்கமாச் சொல்லுதேன். முப்பிடாதிக்கு இப்ப நாகர்கோவில்ல ஒரு காலேஜ்ல வேலை. அங்க இன்னைக்குச் சாயங்காலம் அதே நிகழ்ச்சிய மறுபடி போடுதா. போன் பண்ணுனா. சார், அன்னைக்கு நாற்காலி காலியா இருந்துது, இந்தத் தடவை நீங்களே வந்து உக்காந்தா நல்லா இருக்கும்னா. நான் என்ன பேசணும்மான்னு கேட்டேன். ஒண்ணும் பேச வேண்டாம் சார், எப்பவும் போல உக்காந்தாப் போதும்னா. போஸ்டர் அனுப்பியிருக்கா. டாக்டர் முப்பிடாதின்னு பெரிய எழுத்துல இருக்கு. தீபான்னு எங்கயும் போடல. கீழ சின்னதா, நாற்காலியில் அனவரதநாதன்னு இருக்கு. எனக்கு டாக்டர் போடல. இடம் பத்தலையாம்.

எப்பவும் போல உக்காருங்கன்னா என்ன தம்பி அர்த்தம்? ஒரு வாரமாக் கண்ணாடி முன்னால நாற்காலியப் போட்டு உக்காந்து பாக்கேன், வரல. கால் மேல கால் போட்டா நடிக்கிற மாதிரி இருக்கு. நேரா உக்காந்தா பரீட்சை எழுத வந்த பையன் மாதிரி இருக்கு. டிபார்ட்மெண்ட்ல என் சீட்ல உக்காந்தாலே பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி இருந்து எந்திரிச்சிருதேன். வீட்டம்மா, உங்களுக்கு உக்காரவே மறந்து போச்சுங்கா. துண்டை வேணா கொண்டு போங்க, துண்டைப் பாத்தா ஞாபகம் வந்தாலும் வரும்னு அவதான் பையில வச்சு விட்டா.

ஆனா ஒண்ணு சொல்லட்டுமா. இன்னைக்கு இந்த பஸ்ல ஏறுனேன். சீட்டுல உங்க கர்ச்சீப் கிடந்துது. பாத்தேன், அது மேல உக்காந்தேன். நீங்க வந்து, சார், அது என்னுதுன்னீங்க. பையை உங்ககிட்டக் குடுத்தேன். அந்த நிமிஷம் வந்துட்டுது தம்பி. முதுகு சாஞ்சுது, கால் விரிஞ்சுது, எப்பவும் போல உக்காந்துட்டேன். ஒரு வாரமா வராதது. எனக்கு அவ்வளவு ஆறுதலா இருந்துது. உங்க கர்ச்சீப்புக்குத்தான் நன்றி சொல்லணும்.

வடசேரி பஸ் ஸ்டாண்டு வந்துட்டுது. கேள்விய மறந்துராதீங்க. அவ செஞ்சது மரியாதையா, கிண்டலா? தைரியமாச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். மேடையேறுததுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும்.

சரிங்க சாரா? நான் கேட்டது அது இல்லையே.

இருங்க. திருநெல்வேலியில ஏறுனதுல இருந்து, அந்த ஒரு கர்ச்சீப் பேச்சையும் இந்தச் சரிங்க சாரையும் தவிர, நீங்க வேற ஏதாவது சொன்னீங்களா? யோசிச்சுப் பாக்கேன், ஒண்ணும் ஞாபகம் வரல. உங்க பேரைக்கூட நான் கேக்கலையோ? பையை ஏன் குடுக்கீங்க? ஆட்டோ வரைக்கும் கொண்டு வந்தீங்கன்னா நல்லா இருக்கும். நான் முன்னால போறேன், நீங்க பின்னால வாங்க. இல்லையா? சரி, கொண்டாங்க. கனமா இருக்கே. எந்திரிச்சிக்கிடுதேன், கர்ச்சீப்பை எடுத்துக்கிடுங்க. கொஞ்சம் கசங்கிருக்கு.

தம்பி, ஒரு நிமிஷம். படியில கூட்டம் ஏறுது, எனக்கு எறங்க வழி இல்ல. பை கீழ விழுந்துரும், நெஞ்சோட பிடிச்சிருக்கேன். கம்பி இடிக்கி, தலையச் சாய்க்க வேண்டியிருக்கு. தம்பி, நான் இப்ப எப்படி நிக்கேன்? திரும்பிப் பாத்துச் சொல்லிட்டுப் போங்களேன்.

யாருங்க? என்னையவா? ஜன்னல் வழியா இடம் போட்டிருக்கீங்களா? நான் உக்காரல, நான் எறங்குத ஆளுதான். கால் வலிக்கி, கொஞ்சம் பொறுத்தா...

சரி. தள்ளி நிக்கேன்.

சரிங்க சார்.